கூரை யாருது?

இலவச ஸும்பா வகுப்பு என்றுதான் ரொஸ்னா சொன்னாள். பினாங்கு கெலுகோர் சமூக மண்டபத்து வாசலில் ‘தெனாகா ராக்யாட்’ என்று பெரிய பேனர் தொங்கியது. மலாயில் தெனாகா என்றால் சக்தி, ராக்யாட் என்றால் மக்கள். மக்கள் சக்தி என்றால் ஆட்டமும் பாட்டமும் இல்லாமல் வேறென்ன என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி சொன்னதை நம்பி ஷேரனும் கிளம்பினாள். கண்ணைப் பறிக்கும் ரோஸ் கலர் சட்டை, அதே கலரில் இறுக்கமான கால்சட்டை, நெற்றியில் வியர்வைக்கு ஒரு பட்டி. கதவைத் தள்ளிக்கொண்டு துள்ளலாக உள்ளே நுழைந்தால், வரிசையாக நாற்காலிகள், திரையில் சூரியத் தகடு படம், பாத்தேக் சட்டை போட்ட மனிதர்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“அலாமாக்! இது கரண்டு மீட்டிங்டீ,” என்று ஷேரன் பல்லைக் கடித்தாள்.

“ஏர்கோன் ஜில்லுன்னு இருக்குக்கா. பின்னால திங்க கறிபாப்பும் இருக்கு. உட்காருவோம் லா,” என்றாள் ரொஸ்னா.

உட்கார்ந்தார்கள். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் தனேஷ். வார நாட்களில் சூரியத் தகடு பொருத்தும் எஞ்சினியர். வார இறுதிகளில், சாதாரண வீடுகளுக்கும் மலிவான, சுத்தமான மின்சாரம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசித் திரிகிறவர். நாற்பதைத் தாண்டிய, தூக்கம் போதாத முகம். “உங்க வீட்டுல கரண்டு பில்லால என்ன சூசா, என்ன கஷ்டம்? யாராவது சொல்லுங்களேன்,” என்று அவர் கேட்டபோது மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் முகம் வாடுவதைப் பார்க்க ஷேரனுக்குப் பொறுக்கவில்லை. ரோஸ் கலர் உடுப்போடு எழுந்து நின்றாள்.

“எங்க பிளாட்டுல கரண்டு பில் ஏறிப் போச்சுன்னு மத்தியானத்துல லிஃப்டை நிறுத்திடுறாங்க, சார். போன மாசம் மேல் மாடியில ஒரு கல்யாணம். பொண்ணு பட்டுச்சேலையோட படி ஏறுது. பாதி மாடி ஏறுறதுக்குள்ள மேக்கப் எல்லாம் கழுத்துக்கு இறங்கிடுச்சு. படிக்கட்டுலயே உட்கார வச்சு மறுபடியும் பவுடர் போட்டோம். மாப்பிள்ளை மேல காத்துக்கிட்டு இருந்தவரு, பொண்ணு ஓடிப் போச்சோன்னு அழுதுட்டாரு!”

மண்டபம் அதிரச் சிரித்தது. தனேஷ் மேடையிலிருந்து இறங்கி வந்து ஒலிவாங்கியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதைத் திருப்பி வாங்க அன்று அவரால் முடியவில்லை.

ஷேரனுக்குப் பேச்சு புதிதல்ல. இருபதாவது வயதிலிருந்து ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை. பயந்து நடுங்கி வருகிறவர்களைப் பேசிச் சிரிக்க வைத்து, சிரித்த வாய் மூடுவதற்குள் நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவள் பிழைப்பு. தேவாலயப் பாடற்குழுவில் அவளை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். முன்வரிசையில் நின்றால் மற்றவர் குரல் காணாமல் போகும். கணவர் செபாஸ்டியன் அதற்கு நேர்மாறு. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அன்று மாலை அவள் கைகால் ஆட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், “நீ பேசு. நான் நாற்காலி தூக்குறேன்,” என்றார். அன்றைக்கான பேச்சு அதோடு தீர்ந்தது.

தனேஷ் சொன்ன ஒரு விஷயம் அவளை விடவேயில்லை. தரைவீட்டுக்காரர் தன் கூரையில் தகடு போட்டுக்கொள்ளலாம். பிளாட்டில் கூரை எல்லோருக்கும் பொது. எல்லோரும் கூடிச் சம்மதித்தால் அந்தத் தகடுகள் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் பகல் முழுக்க ஓட்டும். பொதுக் கரண்டு பில் குறையும். அதனால் பராமரிப்புக் கட்டணமும் குறையும். இத்தனை வருஷமாகத் தன் தலைக்கு மேலே இருந்த கூரையைத் தான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது. எல்லோருக்கும் சொந்தமான ஒன்று வெறுமனே வெயில் காய்ந்துகொண்டு கிடக்கிறது!

ஆனால் கூட்டம் என்று சொல்லிக் கூப்பிட்டால் பிளாட்டில் யார் வருவார்கள்? ஆட்டம் என்று சொன்னால் வருவார்கள். அடுத்த சனிக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில் செபாஸ்டியன் ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தார். ரொஸ்னா முன்னால் நின்று ஆடிக் காட்டினாள். ஒரு பாட்டு ஆட்டம். அது முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும்போது, எதிர்த்துப் பேச ஒருவருக்கும் தெம்பில்லாத அந்த இடைவெளியில், ஷேரன் கரண்டு பற்றிப் பேசுவாள். பிறகு அடுத்த பாட்டு. சீனப் பாட்டிமார் விசிறியோடு வந்தார்கள். மலாய்ப் பெண்கள் சமைத்த பலகாரத்தோடு வந்தார்கள். காய்கறி லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பை ஆட்டினார்.

“கூரை யாருது?” என்று ஷேரன் கத்துவாள்.

“நம்மளுது!”

“வெயில் யாருது?”

“நம்மளுது லா!”

மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் அதே கேள்வி, அதே கூச்சல். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் புகார் சொல்ல வந்து ஆடிவிட்டுப் போனார்கள். சில மாதங்களில் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் அடங்காமல், ஒரு ஞாயிறு காலை ஜார்ஜ்டவுன் பாடாங் திடலுக்கே போய்விட்டது. கடற்காற்றில் வண்ணக் குடைகள் பறக்க, தீவின் பல மலிவு விலைக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் வியர்க்க வியர்க்க ஆடினார்கள். வேடிக்கை பார்க்க நின்ற சுற்றுலாப் பயணி ஒருவரும் எதற்கென்று தெரியாமலே “நம்மளுது!” என்று கத்தினார். மக்கள் குறை கேட்க வந்திருந்த வீடமைப்பு அதிகாரி ஒருவர், ஷேரன் பிடித்த பிடியில் மூன்று பாட்டுக்கு ஆடியே தப்பினார். போகும்போது மூச்சிரைக்க ஒரு வாக்குக் கொடுத்தார். குடியிருப்பாளர் கூட்டம் வாக்களித்துச் சம்மதம் சொன்னால், ஒரு பிளாட்டுக்கு முதலில் தகடு போட்டுத்தர நிதி இருக்கிறது.

ஷேரன் வீடு போய்ச் சேரும்வரை தரையில் நடக்கவில்லை.

தடையாக நின்றவர் நாகூர் மீரான். குடியிருப்பு நிர்வாகக் குழுவின் தலைவர். சாலை ஓரத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். கேட்காமலே கூடுதல் குழம்பு ஊற்றுகிற நல்ல மனிதர். கூரை விஷயத்தில் மட்டும் இரும்பு. ஷேரன் ரொஸ்னாவோடு கடைக்குப் போய்ப் பேச்சை எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“தங்கச்சி, ஆடு, பாடு, நான் வேணாம்கல. ஆனா கூரையில யாரும் கை வைக்கக் கூடாது. கடைசி மாடியில குடியிருக்கிறவன் நான்.”

“தகடு ரொம்ப பாதுகாப்பு, பாய். ஒண்ணும் ஆகாது.”

“இதே பேச்சைத்தான் ஆண்டெனா போட வந்தவனும் சொன்னான்! அப்புறம் ஒழுகினது என் வீட்டுல.”

வாசல்வரை போன ஷேரன் சட்டென்று நின்றாள். வலிக்காது என்று அவள் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. சொன்னால் எழுந்து ஓடிவிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்பாள். இங்கே அதை மறந்துவிட்டுத் தகட்டின் பெருமையை அளந்திருக்கிறோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“பாய், எங்க ஒழுகுச்சு? எனக்குக் காட்டுங்க.”

மீரான் கல்லாவை மகளிடம் விட்டுவிட்டு அவளையும் ரொஸ்னாவையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். படுக்கையறைக் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே, யானை உட்கார்ந்தது மாதிரி ஒரு பழுப்புக் கறை. ஆண்டெனாக்காரர்கள் துளை போட்டுவிட்டுப் போன வருஷம், மழைக்காலம் முழுவதும் அவரும் மனைவியும் கட்டில்மேல் குடை விரித்துப் படுத்திருக்கிறார்கள். யாரிடம் சொன்னாலும் சிரித்தார்களாம்.

ஷேரனுக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பார்த்தால் மீரானே சிரித்துவிட்டார். “பாதி ராத்திரியில குடை காத்துக்கு மடங்கிக்கிச்சுன்னு வச்சுக்க, அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே!” என்றார். மூவரும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அன்றே தனேஷைக் கூப்பிட்டுத் திட்டத்தை மாற்ற வைத்தாள். முதலில் கூரையைச் செப்பனிட்டு நீர்ப்பூச்சு. அப்புறம்தான் தகடு. அதுவும் துளை போடாமல், கனமான சிமெண்டுக் கட்டைகளை வைத்து நிறுத்தும் சட்டத்தில். அதிகாரியும் ஒப்புக்கொண்டார். பூச்சு வேலை முடிந்தது. மீரான் கூரையில் ஏறிப் பார்த்தார், காலால் தட்டினார், இறங்கினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பெருமழை பெய்யட்டும். ஒழுகலைன்னா என் கை முதல் கை.”

பெய்யவில்லை. பினாங்கில் எப்போது வேண்டுமானாலும் கொட்டும் மழை, வேண்டும் என்றபோது வரவில்லை. சூரியனுக்காகப் போராடியவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து மழை கேட்டார்கள். ஷேரன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரொஸ்னா தொழுதுவிட்டுத் துஆ கேட்டாள். கீழ்த்தளத்துச் சீனக் கிழவர் ஊதுபத்தி கொளுத்தினார். வெயில் இன்னும் சுட்டெரித்தது. “இத்தனை வெயிலை வீணாக்குறோமே!” என்று தனேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாக்கெடுப்புக் கூட்டம் ஒரு ஞாயிறு மத்தியானம் கீழே பொதுக்கூடத்தில் கூடியது. செபாஸ்டியன் கொண்டு வந்து போட்ட நாற்காலிகள் போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மீரான் தலைமை உரையைத் தொடங்கி, மழை பெய்யாததால் வாக்கெடுப்பைத் தள்ளி வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் வெளியே டமார் என்று ஓர் இடி. எல்லோரும் ஒரே நேரத்தில் சன்னலைப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் வானமே உடைந்தது மாதிரி மழை.

“மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!” என்று அலறியது ஷேரன்தான். மத்தியானம் ஆகையால் லிஃப்டு இல்லை. கூட்டம் முழுவதும் படிக்கட்டில் பாய்ந்தது. யார் காலை யார் மிதித்தார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, “தீயா? என்ன ஆச்சு?” என்று கேட்டவர்களும் சேர்ந்து ஏறினார்கள். சீனக் கிழவரை செபாஸ்டியன் முதுகில் தூக்கிக்கொண்டார்.

மீரானின் மனைவி கதவைத் திறந்தபோது வாசலில் பாதிப் பிளாட் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. “வாக்கெடுப்பும்மா,” என்றார் மீரான், வேறு எப்படி விளக்குவது என்று தெரியாமல். படுக்கையறைக்குள் கொள்ளுமட்டும் நுழைந்தார்கள். கட்டில்மேல் நின்றார்கள், அலமாரியில் சாய்ந்தார்கள், நடைபாதைவரை வரிசை நீண்டது. எல்லோர் முகமும் கூரையை நோக்கி. மழை மேலே தடதடவென்று அடித்தது.

டப். மீரானின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

ஷேரனுக்கு உயிர் போய்விட்டது. மீரான் மெதுவாகத் தலையைத் தொட்டார். விரலைப் பார்த்தார். அண்ணாந்தார். கட்டில்மேல் அவருக்குப் பின்னால் கிழவரைச் சுமந்துகொண்டு நின்ற செபாஸ்டியனின் மோவாயிலிருந்து அடுத்த சொட்டு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

“சோரி, பாய். என் வியர்வை,” என்றார் செபாஸ்டியன்.

அந்த அறையில் எழுந்த சிரிப்பில் இடிச் சத்தம்கூட அமுங்கிப் போனது. கட்டிலின் கால் ஒன்று மளுக்கென்று உடைந்து, மேலே நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மீரான் அந்தச் சாய்ந்த கட்டிலிலேயே மல்லாந்து படுத்து, மழை ஓயும்வரை கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு துளி ஒழுகவில்லை. படுத்தபடியே வலது கையைத் தூக்கினார்.

“என் கை முதல் கை.”

அறையிலும் கூடத்திலும் நடைபாதையிலும் படிக்கட்டிலும் கைகள் எழுந்தன. யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஷேரன் மட்டும் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, அப்படிச் செய்யக் கூடாது என்று ரொஸ்னா அதட்டியதும் ஒன்றை இறக்கினாள்.

தகடுகள் ஏறிய நாளில் புதுக் கட்டிலையும் மேலே ஏற்றினார்கள். செலவில் பாதியைச் செபாஸ்டியன் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்திருந்தார். மின்சாரம் ஓடத் தொடங்கிய மத்தியானம், ஏற்றிவைத்த பராமரிப்புக் கட்டணத்தை அடுத்த மாதம் முதல் குறைக்கப் போவதாக மீரான் அறிவித்தார். எல்லோருக்கும் தன் கடைச் சாப்பாடு, குழம்பு தாராளம். ஷேரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல் கூரைக்கு ஏறினாள். கறுநீலத் தகடுகள் வரிசையாக வெயிலில் படுத்திருந்தன. தொலைவில் பாலமும் கடலும். அவளுக்குச் சும்மாவே சிரிப்பு வந்தது.

பக்கத்துப் பிளாட்டின் கூரையில் நாலைந்து பேர் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாயைச் சுற்றிக் கை குவித்து, “அக்கா! எங்களுக்கு எப்ப?” என்று கத்தினாள்.

ஷேரன் சுவரோரம் போய் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பாடற்குழுவில் இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த குரல் முழுவதையும் அவிழ்த்துவிட்டாள்.

“உங்க கடைசி மாடியில யாருக்கு ஒழுகுதுன்னு முதல்ல கேளுங்க! இதோ, சாப்பிட்டுட்டு வர்றேன் லா!”