எண்ணிப் பாத்துக்கோங்க சார்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை நாட்களில், காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகும் சாலையோர ஷெட் ஒன்றில், திருடாத ஒரு மனிதரை நான்கு பேர் நடுவில் திருடன் என்று சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் மோட்டார் வாகனப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடு பிள்ளையார்பாளையத்தில். குடும்பத் தொழில் பட்டு நெசவு. ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, சாயப்பட்டறையிலிருந்து நூல் ஏற்றி வருவதும், சுற்றுப்பட்டு ஊர்களில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், கொண்டுபோய்க் கொடுப்பதுமாக இருந்தேன். நானே ஓட்டுவேன்.

மழைக்காலத்தில் பட்டறையில் நூல் காயவைக்க இடம் இருக்காது. சாயம் தோய்த்த பட்டு நூல் கழிகளை ஈரத்தோடு ஏற்றி வந்து எங்கள் மொட்டை மாடிக் கொட்டகையில் உலர்த்துவேன். வடிகிற தண்ணீர் தேங்காமல் இருக்க, வண்டியின் பின்தளத்தில் விரல் நுழையும் அளவில் ஆறு ஓட்டைகள் போட்டேன். என் சொந்த யோசனை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் பின் சக்கரத்தில் ஒரு உறுமல் கேட்க ஆரம்பித்தது. வண்டியை வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். முசரவாக்கம் சாலையோர ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இடது சக்கரத்துப் பேரிங் போயிடுச்சு சார்" என்றார். புதியது வாங்கி மாற்றினார். உறுமல் நின்றது. வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதே இன்னொன்றும் சொன்னார்.

"சார், இந்த ஓட்டைங்க நேரா சுத்தற ஷாஃப்டுக்கு மேல இருக்குது. வலை கிலை வச்சு மூடிடுங்க. நூலு தொங்குச்சுன்னா இழுத்து சுத்திக்கும்."

"முப்பத்தோரு வருஷம் இதைத்தாம்பா சொல்லிக்கொடுத்தேன்" என்று சிரித்தேன். ஓட்டைகளை மூடவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் சத்தம். இந்த முறை உறுமல் இல்லை, ஊளை. நேராக ஷெட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேர் இருந்தார்கள். புதுப் பேரிங் போட்டதாகச் சொல்லிப் பழையதைப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கால அழுத்தும்போது வருதா சார், எடுக்கும்போது வருதா?" என்று மட்டும் கேட்டார்.

எடுக்கும்போதுதான் வந்தது. திருப்பும்போது மாறினால் சக்கரத்துப் பேரிங். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது ஊளையிட்டால் கோளாறு அச்சின் நடுவில், கிரவுன் பினியன் என்ற பல்சக்கரங்கள் பக்கம். இதை நான் பரீட்சையில் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கிரீஸ் கையோடு ஒருவர் என்னிடம் கேள்வி கேட்கிறாரே என்பதுதான் அன்று என் மண்டையில் ஏறியது.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? கழட்டின பழைய பேரிங் எங்க? காட்டு."

"அதை அப்பவே காயலான் கடையில போட்டுட்டேன் சார். யாரும் கேக்கமாட்டாங்களே. வண்டிய விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல பிரிச்சுப் பாத்துடறேன்."

"விட்டுட்டுப் போனா இன்னும் எதைக் கழட்டி விக்கப்போற, திருடா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "போர்டுல வரைஞ்ச வண்டி சத்தம் போடாது சார். இது போடும். கேக்கத் தெரியணும்."

டீ குடித்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொளுத்தியது. வீட்டுக்கு வந்து, எங்கள் பகுதியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். இன்ன இடத்தில் ஷெட் வைத்திருப்பவன் புதிய சாமானைத் திருடிக்கொண்டு பழையதை மாட்டுகிறான், யாரும் வண்டி விடாதீர்கள் என்றேன். ஒருவர்கூட "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. சார் சொன்னால் சரியாக இருக்கும் என்றார்கள். மாலைக்குள் அது எனக்குத் தெரியாத குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது.

இதைவிடக் கேவலமானதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். வேறொரு பட்டறையில் வண்டியைக் கொடுத்து அதே பேரிங்கை மாற்றச் சொன்னேன். கழற்றியவர், "புதுசாத்தானே சார் இருக்குது, எதுக்கு மாத்தச் சொன்னீங்க?" என்று என் கையில் வைத்தார். பளபளவென்று இருந்தது. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குழுவில் சொல்ல வேண்டும். ஊளை நிற்கவும் இல்லை. அதனால், எதையோ கெடுத்துத்தான் வைத்திருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கும் மேல் அப்படியே இருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, பாவோடு போய்க்கொண்டிருந்தபோது, முசரவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்னச்சு கிறீச்சிட்டு இறுகிவிட்டது. வண்டி நகரவில்லை. பேரிங் மாற்றிய பட்டறைக்குப் போன் செய்தால், ரோட்டுக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது என்றார்கள். எதிரிலிருந்த டீக்கடைக்காரர்தான் சொன்னார்:

"பைக்ல வந்து பாக்கறதுக்கு ஒருத்தர் இருக்காரு சார். ஷெட்டுக்கு யாரும் வண்டி விடறதில்ல, அதனால ரோட்டு ரோட்டா சுத்தினு இருக்காரு. ஆனா உங்க பேரு சொன்னா வரமாட்டாரு. சொல்லாமலே கூப்புடறேன்."

என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் பைக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, சாக்கை விரித்துப் போட்டு, அடியில் நுழைந்தார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் எண்ணெய் ஊறிய அரக்குப் பட்டு நூல், ஒரு கொத்து.

"தறி நாடாவுல வைக்கிற தாரு மாதிரி நூலச் சுத்தி வச்சிருக்குது சார். தறி எதாச்சும் அடியில ஓட்டறீங்களா?"

ஓட்டை வழியாகத் தொங்கிய நூலைச் சுழலும் ஷாஃப்ட் இழுத்துச் சுற்றியிருக்கிறது. ஷாஃப்ட் அச்சுக்குள் நுழையும் இடத்தில் நூல் இறுகி, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கிறது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகி, உள்ளே பினியன் பேரிங் வறண்டு தேய்ந்திருக்கிறது. ஊளை அதனுடையது. நூல் என்னுடையது. ஓட்டையும் என்னுடையது.

அந்த இடத்திலேயே, தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என்னாண்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? நான் திருடலன்னு எனக்குத் தெரியுமே. கேட்டுக்கினு இருந்தாங்களே, அவங்களாண்ட சொல்லுங்க."

அன்று சாவியை அவரிடமே கொடுத்தேன். வண்டியை விட்டுட்டுப் போங்க என்று அவர் முன்பு கேட்டதை இப்போது நானே செய்தேன். நான்கு நாள் என் வண்டி அவருடைய ஷெட் வாசலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, சக்கரம் கழற்றி நின்றது. அதே குழுவில் இன்னொரு குரல் பதிவும் போட்டேன். நடந்தது முழுவதையும், பேரிங்கைப் பார்த்த பிறகும் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

என்ன வந்தது தெரியுமா? கைகூப்பும் படங்கள். "சாருக்குப் பெரிய மனசு." "இந்தக் காலத்தில் யார் சார் இப்படி?" அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் எனக்குத் தனியாகப் போன் செய்து, "மிரட்டினானா சார்? தைரியமா சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்றார். அடுத்த வாரம் பால் வாங்கும் இடத்தில் பக்கத்துத் தெருக்காரர் என் தோளைத் தட்டி, "நீங்களே மன்னிச்சு விட்டுட்டீங்க. இனிமேலாவது ஒழுங்கா இருப்பான்" என்றார்.

நான் மன்னித்தேனாம்! அந்த இடத்திலேயே கத்தினேன். "அவர் எதுவும் செய்யலய்யா. பொய் சொன்னது நான். திருட்டுத்தனம் பண்ணது நான்." அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். சார் என்று ஊர் கூப்பிடுகிறவன் பழி சொன்னால் இரண்டு நிமிடத்தில் நம்புகிறார்கள். அவனே பழியைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அதையும் அவன் கணக்கில் புண்ணியமாக எழுதுகிறார்கள். கிரீஸ் கைக்காரருக்கு இரண்டு முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் இதுதான். அந்தக் குழுவின் மீதுள்ள கோபத்தில் பாதி என் மீதே திரும்பி வருகிறது, ஏனென்றால் இந்த மரியாதையை நம்பித்தான் நான் அன்று அந்தப் பதிவையே போட்டேன்.

அதன்பின் குழுவை விட்டுவிட்டேன். அன்று டீ குடித்த நான்கு பேரையும், வண்டி வைத்திருப்பவர்களையும் வீடு வீடாகத் தேடிப் போய், நூல் சுற்றிய அந்த சீல் வளையத்தைக் காட்டிச் சொன்னேன். சிலர் திரும்ப அவரிடம் போனார்கள். சிலர் இன்னும் போகவில்லை. ஷெட் இப்போது ஓடுகிறது, முன்போல் இல்லை.

போன மாதம் பிரேக் பார்க்க அவரிடம் போயிருந்தேன். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான்களைத் தினசரித் தாளில் வரிசையாகப் பரப்பினார். பிறகு ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "எண்ணிப் பாத்துக்கோங்க சார்." என்னைக் குத்திக்காட்ட அல்ல, பழக்கமாகவே சொன்னார். இப்போது யார் வந்தாலும் அப்படித்தான் செய்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு புது வாடிக்கையாளர், "பாருங்க சார், எவ்ளோ நேர்மையான ஆளு" என்று என்னிடம் வியந்தார்.

முன்பெல்லாம் அவர் சொன்ன சொல்லே போதுமானதாக இருந்தது. அந்தப் பையை அவர் கையில் கொடுத்தவன் நான்தான் என்பது, அவர் அதை நீட்டும் ஒவ்வொரு முறையும் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிகிறது.