கொமரலிங்கம் வரை போன விறகுக் கார்

கன்னையன் அண்ணாச்சியின் அம்பாசிடருக்கு டிக்கி கிடையாது. டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை நிற்கும். அதற்குள் விறகுத் துண்டுகள் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயுவில்தான் கார் ஓடியது. நம்பாதவர்கள் திருப்பூரை ஒட்டிய எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது மட்டும் அண்ணாச்சி தவறாமல் ஒரு ஹாரன் அடிப்பார். அது அவருடைய கொழுப்பு.

நான் சாத்தான்குளத்துக்காரன், பெயர் ராபின். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். அவர் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். முப்பது வருஷம் விறகைத் தள்ளி நெருப்பு வளர்த்த மனிதர். கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த அந்த வருஷம், கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை தேடிப் போனார்கள். இவர் மட்டும் வாசலில் நின்ற தன் பழைய அம்பாசிடரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, காரை விக்கப் போறீயளா?" என்று கேட்டேன்.

"இல்லீங் ராபின். நெருப்பு இல்லாம கை சும்மா இருக்க மாட்டேங்குது. இதுல ஒரு அடுப்பு வெச்சா என்னங்க?"

உலக யுத்தக் காலத்தில் கரியில் பஸ் ஓடியதாக எங்கோ கேட்டிருக்கிறார். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, கழித்துப் போட்ட பைப்புகளையும் தகரங்களையும் சேகரித்து நாலு மாதம் வெல்டிங் அடித்தார். ஐந்தாம் மாதம் கார் இருமிக்கொண்டே தெருமுனை வரை போனது. திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தோம். ஆறாம் மாதம் அவிநாசி போய் வந்தோம்.

அந்தக் காரை வைத்துக்கொள்வது ஒரு எருமையை வைத்துக்கொள்வது போலத்தான். கருவேல விறகைக் கைப்பிடி அளவுக்கு வெட்டி மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். தினம் சாம்பல் அள்ள வேண்டும். அடியில் தேங்கும் தார்த்தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம் கையால் காற்றாடியைச் சுற்றி நெருப்பை ஊத வேண்டும். பிறகு பக்கவாட்டில் இருக்கும் சின்னக் குழாயில் தீக்குச்சியைக் காட்டுவார். முதலில் வெறும் புகை வரும். அப்புறம் மஞ்சளாகப் பற்றும். அது நீலமாகி நிலைத்து நின்றால்தான் எஞ்சினுக்குத் திருப்பிவிடலாம். அப்போது அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்.

"நீலம் வந்துருச்சுங்க, ஏறுங்க."

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அடுப்பிலிருந்து வரும் வாயுவில் கரித்தூள் கலந்திருக்கும். அதை வடிகட்ட ஒரு டப்பா வைத்து, உள்ளே பனியன் வேஸ்ட்டை அடைத்திருந்தார். பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத்துணிதான் வேஸ்ட். திருப்பூரில் வண்டி துடைப்பதில் இருந்து எல்லாவற்றுக்கும் அதுதான். வாரம் ஒரு பை வேஸ்ட் கொண்டுவந்து கொடுப்பது என் பொறுப்பு. வெள்ளையாகப் போகும் துணி, அடுத்த ஞாயிறு அட்டைக் கறுப்பாக வெளியே வரும். அந்தக் கறுப்பைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்படுவோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சர்ச்சில் கொண்டுபோய் விடுவார். என் மனைவி ஆஷாவின் சேலையில் விறகுப்புகை வாசனை ஏறியிருக்கும். முன்பெஞ்சில் இருக்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஆஷா என்னைத் திட்டாத திட்டில்லை. இப்போது அவளே அந்த வாசனையைப் பற்றிப் பேசுகிறாள். எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும் போல இருக்கிறது. சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கிற இந்தக் கால பேட்டரி வண்டிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஊரே ஏறிய அந்தக் காரில் ஏறாதவர் ஒரே ஒருவர்தான். அண்ணாச்சியின் மனைவி சுப்பாத்தாள். மதினி ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். துணியில் ஓட்டை இருந்தால் இருக்கிறது என்பார், இல்லையென்றால் இல்லை என்பார். நடுவில் பேச்சே கிடையாது. வருஷா வருஷம் கொமரலிங்கத்து மாரியம்மன் நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்குப் போவார், பஸ்ஸில். அங்கே அவருடைய அண்ணன் தங்கவேலு, "மாப்ளையோட அடுப்பு வண்டி எப்ப நம்மூருக்கு வரும்?" என்று கேட்டுச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பு மதினிக்கு உறுத்தியிருக்கிறது.

ஒரு வருஷம் நோம்பிக்கு முன்னால் என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் சொன்னார்.

"இந்தத் தடவை உங்க வண்டீலயே வாரனுங்க. வெறகு போட நிறுத்திக்குங்க, அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வழில தானா நின்னுதுன்னா, வந்த கையோட எடைக்குப் போட்டுடோணும்."

"செரி," என்றார் அண்ணாச்சி. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை முறுக்கினார். விறகை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அடுக்கினார். புது வேஸ்ட் வேண்டும் என்றார். நான் கட்டிங் மேஜைக்கு அடியில் கிடந்த வெள்ளைத் துணியை ஒரு பையில் அமுக்கிக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கி அப்படியே அடைத்தார்.

காலையில் கிளம்பினோம். மதினி முன்சீட்டில், மடியில் ஒரு பொட்டலத்தோடு. திருப்பூர்க்காரர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் பழம் கொண்டுபோனாலும் போகாவிட்டாலும் பனியன் கொண்டுபோகாமல் இருக்க மாட்டார்கள். அண்ணனுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் பனியன். நான் பின்சீட்டில், முதுகில் அடுப்புச் சூட்டோடு. பல்லடம் தாண்டினோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் சொகுசாகப் போனது. மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் சிரிப்பதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

குடிமங்கலம் தாண்டி, காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் எஞ்சின் மூச்சு வாங்கியது. அண்ணாச்சி கியரைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கார் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

அவர் இறங்கி வடிகட்டி டப்பாவைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே துணி இல்லை. துணியெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பாகக் கெட்டியாக ஒரு கட்டி இருந்தது. வாயு போக வழியே இல்லை.

நான் கொடுத்த துணிதான். அந்த வாரம் எங்கள் கம்பெனியில் விளையாட்டு பனியன் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனையும் பாலியஸ்டர். துணிக்காரன் எவனானாலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்ப்பான். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்படும். அரை நிமிஷ வேலை. நான் வந்த காலத்தில் வேஸ்ட் என்றால் பருத்திதான், சந்தேகமே கிடையாது. அந்தப் பழக்கத்தில் பார்க்காமல் கட்டிவிட்டேன். இத்தனை வருஷம் துணி வெட்டியவன் செய்த வேலை இது.

அண்ணாச்சி அந்தக் கட்டியை நகத்தால் கீறிப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அதை எடுத்துச் சாலையோர முள்ளுக்குள் வீசினார்.

"என்னாச்சுங்க?" என்று முன்சீட்டிலிருந்து மதினியின் குரல் வந்தது.

"வெறகுல ஈரம் இருந்துருக்குது. தாரு அடைச்சுக்கிச்சு. என்ற தப்புதான்," என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. என்னால் அவர் கார் போகப்போகிறது, நான் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மதினி இறங்கி வந்தார். காலி டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பனியனை எடுத்தார். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அண்ணாச்சியின் தீப்பெட்டியை வாங்கிப் பற்றவைத்து முகர்ந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"காட்டன்தான். அடைங்க," என்று மொத்தப் பொட்டலத்தையும் நீட்டினார்.

செக்கிங்கில் இருந்தவருக்குப் பழக்கதோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று பேருமாகப் புதுப் பனியன்களைக் கிழித்து அடைத்தோம். அரை மணி நேரத்தில் நீலம் வந்தது.

மறுபடியும் கிளம்பினோம். நின்றது நின்றதுதான். மதினி ஒரு சொல் சொன்னால் மாற்ற மாட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணாச்சி ஸ்டியரிங்கை அவ்வப்போது தடவிக்கொடுத்தார்.

கொமரலிங்கத்தில் தங்கவேலு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க மாப்ள. அடுப்பு வழில அணைஞ்சு போச்சுங்களா?"

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணாச்சிக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்லத்தான் அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"எங்கயும் நிக்கலீங்ணா. குடிமங்கலத்துக்கிட்ட டீ குடிக்க நிறுத்துனோம், அவ்வளவுதான்."

"பனியன் எங்க சாமி? எப்பவும் எடுத்துட்டு வருவியே," என்று தங்கையிடம் கேட்டார் தங்கவேலு.

"மறந்துட்டு வந்துட்டனுங்ணா."

கரி படிந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அண்ணாச்சி காரின் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. புகை என்று சொன்னார். அடுப்பு அப்போது அணைந்திருந்தது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்தக் காரில் முன்சீட்டு மதினிக்குத்தான். நான் கொடுத்த பையை அண்ணாச்சி ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன புரட்டாசியில் ஒரு காலை நெஞ்சுவலி என்றார், மதியம் ஆளே இல்லை. சொல்லாமல் விட்டது என்னிடமே தங்கிவிட்டது.

கார் ஆறு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பெங்களூரில் இருக்கும் அவர்கள் மகன் சுரேந்தர் போன வாரம் வந்து, "எடைக்குப் போட்டுரலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நேற்றுக் காலை மதினி எங்கள் கேட்டில் நின்றார். ஒரு கையில் ஒரு பை, இன்னொரு கையில் தீப்பெட்டி.

"ராபின், நோம்பிக்குப் போகோணுமுங்க. வண்டிய எடுக்கறீங்களா?"

"எடுக்கேன் மதினி. வேஸ்ட் மாத்தணும், கம்பெனில போய்..."

"நானே கொண்டாந்துட்டனுங்க." பையை என்னிடம் கொடுத்தார். "சுட்டுப் பாத்தாச்சு. காட்டன்தான். அன்னிக்கு மாதிரி ஆயிடக் கூடாதில்லீங்க."

"மதினி, அன்னைக்கு அது நான்..."

"தெரியுமுங்க. முள்ளுக்குள்ள கெடந்ததை நான் பாத்தனே. ஈர வெறகை அவரு அடுப்புல போடுவாருங்களா?" என்றார். "அவரு வாயத் தொறக்கலை. நானும் உட்டுட்டேன். மொதல்ல அடைங்க, நேரமாச்சு."

அடைத்தேன். விறகு போட்டேன். பத்து நிமிஷம் காற்றாடியைச் சுற்றினேன், மூச்சு வாங்கியது. குழாயில் தீக்குச்சியைக் காட்டினேன். புகை வந்தது, மஞ்சள் வந்தது, நீலமாகி நிலைத்தது. மதினி காரின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நீலம் வந்துருச்சுங்க," என்றேன். "ஏறுங்க."