ஸ்கோப்பில் வைத்த சிவப்புப் புள்ளி

எங்கள் வீட்டில் குப்பைக் கூடையைப் பார்த்து எறிந்த காகிதம் வெளியே விழுந்தால், "ராணுவத்துலயா பழகுனே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டதும் எல்லோரும் சிரிப்போம். இந்தச் சிரிப்புக்கு உரியவர் என் அம்மாவின் தம்பி. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து, துப்பாக்கி சுடுவதில் பதக்கமெல்லாம் வாங்கியவர். அந்த மாமா ஒரு காணும் பொங்கலன்று குடும்பமே கூடி நிற்க ஐந்து சோடா மூடிகளைப் பார்த்து ஐந்து குண்டு சுட்டார். ஒன்றுகூட விழவில்லை. அன்றைக்கு அதிகம் சிரித்தவள் நான்தான். எனக்கு அப்போது வயது பதினொன்று.

மாமா பென்ஷனோடு ஊர் திரும்பி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்திருந்தார். எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு. அவரிடம் ஒரு ஏர் ரைஃபிள் இருந்தது. குழலை மடக்கி, சின்ன ஈயக் குண்டைச் செருகிச் சுடுகிற வகை. காணும் பொங்கலுக்கு அய்யனார் கோவில் போகிற வழியில் உள்ள எங்கள் மாந்தோப்பில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவோம். சாப்பிட்டு முடிந்ததும் மணல் மூட்டைகளை அடுக்கி, அதன் முன்னால் ஒரு பலகையில் சோடா மூடிகளை நிறுத்திப் போட்டி நடக்கும். ஆண், பெண், சின்னது, பெரியது எல்லோருக்கும் ஐந்து குண்டு. ஜெயித்தவருக்கு ஒரு கட்டுக் கரும்பு. கரும்பு எல்லார் வீட்டிலும் கிடந்தது, ஆனாலும் அந்தக் கட்டுக்குத் தனி மரியாதை.

தோற்ற பெரியவர்கள் எல்லோரும் வருடா வருடம் மூடியே தெரியவில்லை என்று ஒரே காரணத்தைச் சொன்னார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் சொல்லவில்லை. வெயிலில் எது மினுங்குகிறதோ அதைப் பார்த்துச் சுடுவேன். மேகம் வந்துவிட்டால் என் கதை முடிந்தது.

சொல்லாததற்குக் காரணம் என் பெரியப்பா மகன். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பார்வை போதாது என்று அவனைக் கழித்துவிட்டார்கள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு தோப்புக்கு வந்த வருடம், துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினான். "கண்ணாடி போட்டவனுக்கு இது எதுக்கு?" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவன் அதற்குப் பிறகு கை நீட்டவே இல்லை, தள்ளிப் போய்ச் சாப்பிட்ட இலைகளை எடுக்க ஆரம்பித்துவிட்டான். நானோ மாமாவைப் போலக் காக்கிச் சட்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதனால் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்ய வந்தபோது, எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்தேன்.

மூடி தெரியவில்லை என்ற புகாரைத் தீர்க்க மாமா அந்த வருடம் ரைஃபிளுக்கு ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கிக் குழல், போடத் தீர்மானித்தார். விலை குறைவாகவும் இருக்க வேண்டும், ராணுவக்காரர் கௌரவத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய நண்பர் ஒருவரிடமிருந்து, பெரிய துப்பாக்கியில் இருந்த பழைய ஸ்கோப் ஒன்றை வாங்கி வந்தார். "நெசத் துப்பாக்கி உதையவே தாங்குனது. இந்த விளையாட்டுச் சாமான் என்ன செய்யப்போவுது?" என்றார். முப்பதாவது குண்டிலேயே, குறி பார்க்க ஸ்கோப்புக்குள் இருந்த கூட்டல் குறி சரிந்து பெருக்கல் குறியாகிவிட்டது. ஏர் ரைஃபிளின் ஸ்பிரிங் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். பின்னால் மட்டும் உதை வாங்கிப் பழகிய ஸ்கோப் அதைத் தாங்காது என்று மதுரைக் கடைக்காரர் போனில் பாடம் எடுத்தார். பதினேழு வருடச் சர்வீஸ்காரர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்ததை அத்தை அடுப்படியிலிருந்து ரசித்தாள். கடைசியில் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த, நான்கு மடங்கு மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிற, அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு ஸ்கோப் பார்சலில் வந்தது.

அதைப் பொருத்திய ஞாயிற்றுக்கிழமையை இப்போது நினைத்தாலும் மனதுக்கு நன்றாக இருக்கிறது. பின்கட்டில் சாக்கு விரித்து மாமா உட்கார்ந்தார். நான் எடுபிடி. ரைஃபிளின் முதுகில் இரண்டு வளையங்களை வைத்து, உதையில் பின்னால் நழுவாமலிருக்கத் தடுப்பு ஆணியைக் குழியில் இறக்கினார். புளிய மரத்துக் கிளையில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டார். அந்த நூலோடு ஸ்கோப்புக்குள் இருக்கிற நெடுங்கோடு ஒன்றாகப் பொருந்தும்வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் உருட்டினார். ஸ்குரூக்களை ஒரே பக்கமாக முறுக்காமல், இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார். "இறுக்கிப்புட்டோம்னு சந்தோசப்படக் கூடாது. குழா நசுங்கிப்போவும்" என்றார்.

பிறகு செத்த நேரம் உள்ளே போனார். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, எல்லாம் கஞ்சித் தண்ணீர். கண் வைக்கிற முனையில் ஒரு வளையம் இருந்தது. சும்மா திருகினேன். திருகத் திருகக் கஞ்சி தெளிந்தது. புளிய மரத்தில் இலைகள் வந்தன. அதுவரை எனக்குப் புளிய மரம் என்றால் ஒரு பச்சைக் குவியல். அதன் இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனி என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. ஒரு காம்பில் வரிசையாக, பொடிப் பொடியாக, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மாமா திரும்பி வந்து கண்ணை வைத்தார். சட்டென்று தலையைத் தூக்கினார்.

"ஏட்டி, இந்த வளையத்தத் திருவுனியா?"

"இல்ல மாமா."

பொய். மாமா வளையத்தைப் பார்த்தார். அது ஒரு பக்கக் கடைசிவரை திரும்பி நின்றது. என்னையும் பார்த்தார். இந்த ஸ்கோப்பும் போச்சு என்று திட்டப்போகிறார் என நான் காத்திருந்தேன். அவர் வளையத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, "இப்பம் நீ பாரு. ஒனக்கு எங்க தெளிவா இருக்கோ அங்க வை" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வைத்தேன். மாமா அத்தையின் நகப்பூச்சைக் கேட்டு வாங்கி, வளையத்திலும் குழலிலும் சேர்த்து ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். ஊதிக் காயவைத்தார்.

"இதுதான் சரியான இடம். இத இனி ஒருத்தரும் தொடப்பிடாது."

அப்படியானால் என் கண் சரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாமாவே சொல்லிவிட்டாரே.

காணும் பொங்கலன்று தோப்பில் அந்த விதியை மாமா எல்லோருக்கும் அறிவித்தார். பெரியம்மா மகள்கள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஆளுக்கு இரண்டு மூடி தட்டினார்கள். அத்தை பார்த்துவிட்டு, "ஒரே பொகையால்ல இருக்கு?" என்றாள். "அப்பிடித்தான் இருக்கும்" என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு அவர் முறை. எல்லோரும் நெருங்கி வந்து நின்றார்கள். நிதானமாக மூச்சை விட்டு, நிதானமாக விசையை இழுத்தார். ஐந்து குண்டும் மணல் மூட்டைக்குள் போயின.

தோப்பே அதிர்ந்தது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஒனக்கு எதுக்குத்தான் பென்சன் குடுக்காகளோ!" என்றாள். நான் சாக்கில் புரண்டு சிரித்தேன். மாமாவும் சிரித்துக்கொண்டே ரைஃபிளை என்னிடம் நீட்டினார். நான் ஐந்தில் நான்கைத் தட்டினேன். கரும்புக் கட்டு என் உயரத்தைவிடப் பெரியது.

அடுத்த வாரம், ஸ்கோப்பில் ஒரு கோளாறு, கடையில் காட்ட வேண்டும் என்று சொல்லி மாமா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். போன இடம் கண் டாக்டர் வீடு. அங்கே முன்னால் நின்று வாசித்துக் காட்ட யாரும் இல்லை, நான் மாட்டிக்கொண்டேன். சில நாள் கழித்து மறுபடி போய்க் கண்ணாடி வாங்கியபோது தெருவில் நின்று கோபுரத்தின் பதினொரு நிலையையும் எண்ணினேன். மாமா அவசரப்படுத்தாமல் வெயிலில் நின்றார். வீட்டில் அம்மா முகம் மாறுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"யக்கா, இவ நாலு மூடி தட்டுனவ. இன்னும் நல்லாச் சுடணும்னா இது வேணும்."

ஜெயித்தவளின் கண்ணாடியை யாரும் குறை சொல்லவில்லை. மறு பொங்கலுக்குப் பெரியப்பா மகனும் தானாக வந்து வரிசையில் நின்றான். கண்ணாடி வந்ததும் எனக்கு ஸ்கோப் தேவைப்படவில்லை. மாமா அதைக் கழற்றி, வளையத்தைத் தொடாமல் ஒரு பழைய ராணுவக் காலுறைக்குள் போட்டு வைத்தார்.

காக்கிச் சட்டை எனக்கு வாய்க்கவில்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறேன், கல்லூரி அணியில் கண்ணாடியோடு சுட்டதற்கான இரண்டு கோப்பைகள் மேசையில் இருக்கின்றன. போன மாதம் மாமா மகள் அந்தக் காலுறையைக் கண்டெடுத்து வந்தாள். சிவப்புப் புள்ளி இன்னும் அழியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எதிர் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் கிடந்த துணியின் தையல்கூடத் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன். ஒரே கஞ்சித் தண்ணீர்.

பொருந்தாத பவரைச் சின்னப் பிள்ளைகளின் கண் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது முடியாது என்று டாக்டர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மாமாவுக்கு ஒரு மூடியும் தெரிந்திருக்காது. வளையத்தை ஒரு திருகு திருகியிருந்தால் ஐந்தும் விழுந்திருக்கும். ஆனால் என் கண்ணுக்கும் மற்றவர்கள் கண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அத்தனை பேர் முன்னாலும் தெரிந்திருக்கும். அவருக்கு அடுத்த முறை என்னுடையது. பதினேழு வருடத்துப் பெயரை அவர் அந்த மணல் மூட்டைக்குள் சுட்டுவிட்டு, ரைஃபிளை என் கையில் கொடுத்தார்.

கொடுக்கும்போது, "ஏட்டி, எனக்கு வயசாயிட்டு. நீ சுடு" என்றார். அவருக்கு நாற்பத்தைந்துதான். நான் அதை அப்படியே நம்பி, கிழவராகிவிட்ட மாமாவுக்காகக் கொஞ்சம் பரிதாபமும் பட்டுவிட்டு, குறி பார்க்கக் குனிந்தேன்.