நின்னுச்சா, நிறுத்தினேனா

"நின்னுடுச்சா?"

எங்க அண்ணன் போன் பண்ணா முதல் வார்த்தை அதுதான். சாப்பிட்டியா, ஒடம்பு எப்படி இருக்கு, ஒண்ணும் கெடையாது. "நின்னுடுச்சா?" கேக்கும்போதே குரல்ல ஒரு சந்தோஷம் இருக்கும் பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவர் கேக்குறது என் காரப் பத்தி. ரெண்டே சீட்டு உள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். பாகற்காய் பச்சை. இப்ப வர்ற காரு மாதிரி கம்ப்யூட்டர் வச்சு இஞ்சினுக்குள்ள பெட்ரோலப் பீச்சுற வேலையெல்லாம் இல்ல. ரெண்டு கார்ப்ரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்குக் குடுக்கும், அவ்வளவுதான். நான் சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாய்ல, பாதி ஆயுசு ஃபேக்டரி பஸ் ஓட்டுனவ. ஒரு பஸ் நெறைய ஆள ஏத்தி எறக்கி, ஒருத்தி தூங்கிட்டான்னு அவ வீட்டு முன்னால ஹாரன் அடிச்சு, இன்னொருத்தி குளிக்கிறான்னு காத்துக் கெடந்து, போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. வேலைய விட்ட அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே நான் ஓட்டுற வண்டியில ஆள் ஏத்த எடமே இருக்கக் கூடாது. ஒரு சீட்டு எனக்கு. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரருக்கு, அதுவும் அவர் வாய மூடிக்கிட்டு வந்தா.

அண்ணனுக்கு அது பொறுக்கல. அவர் ரெண்டு மணி நேரம் தள்ளி காஹாங்ல, எண்ணெய் எடுக்குற செம்பனைக் கொலை ஏத்துற லாரி ஓட்டுறவரு, ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு. "பேரன் பேத்தி எடுக்குற வயசுல ஸ்போர்ட்ஸ் காரா? ஒன் தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க" என்பாரு. என்ன ஆச்சு? கார் வாங்குனேன், அதான் ஆச்சு.

ஆனா ஒண்ணு, கார் நிக்கத்தான் செஞ்சுச்சு. அத நான் மறைக்கல. தொறந்த ரோட்டுல பறக்கும். ஸ்கூடாய் ட்ராஃபிக் ஜேம்ல மத்தியான வெயில்ல மாட்டுச்சுன்னா, விக்கல் எடுத்த மாதிரி விக்க ஆரம்பிக்கும், அப்புறம் அப்படியே அடங்கிடும். ஒரு தடவ அண்ணன் வீட்டுக்குப் போற வழியில, காஹாங்க நெருங்குற நேரத்துல, ரோடு போடுறாங்கன்னு ஒரு வரிசையில நிக்க வச்சாங்க. நின்னது நின்னதுதான். அண்ணன் லாரியோட வந்தாரு, கயிறு கட்டுனாரு, கடைத்தெரு வழியா மெதுவா இழுத்துக்கிட்டுப் போனாரு. மெதுவான்னா, வேணும்னே மெதுவா. ஒவ்வொரு கடைக்கும் கைய ஆட்டிக்கிட்டு! பின்னால ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த எனக்கு மூஞ்சியெல்லாம் எரிஞ்சுச்சு.

அன்னிக்குச் சாப்பாட்டு மேசையிலயே ஆரம்பிச்சாரு. சிங்கப்பூர்ல ஒருத்தர் பழைய காரெல்லாம் வாங்குறாராம், ஆள் தயாராம், வித்துடணுமாம். எனக்குக் கோவத்துல சோறு எறங்கல.

"அண்ணே, இன்னும் ஒரு தடவ அது தானா நின்னுச்சுன்னா சாவிய உங்க கையில குடுத்துடுறேன். ஆயுத பூசைக்கு ஸ்கூடாய்லேருந்து அதுலயே வருவேன், அதுலயே திரும்பிப் போவேன். நிக்காமப் போய்ச் சேந்தேன்னா இந்தப் பேச்ச இனிமே நீங்க எடுக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் யாரு தங்கச்சி?"

வீட்டுக்காரர் என்னப் பாத்தாரு, கூரையப் பாத்தாரு, ரசத்தக் கொஞ்சம் ஊத்திக்கிட்டாரு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடின்னு அவர் மனசுல ஓடுனது எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அங்க சீன முதலாளி, தவுக்கேன்னுதான் எல்லாரும் கூப்புடுவோம், போனட்டத் தொறந்து பாத்துட்டு, "அலமாக், அக்கா, எஞ்சின் பாரு லா" என்னாரு. அலமாக்குன்னா ஐயய்யோ. அவர் சொன்னது மலாய் 'பாரு'. புதுசுன்னு அர்த்தம். பழச எடுத்துப் போட்டுட்டுப் புது இஞ்சின் மாட்டுன்னு சொல்றாரு. அது எனக்குத் தெரியாதா? ஆனா நான் அதத் தமிழ்லயே எடுத்துக்கிட்டேன். பாருன்னியா, சரி, பாக்குறேன்.

பாத்தேன். ஜேம்ல ஓட்டிட்டு வந்து, சூட்டோட சூடா போனட்டத் தொறந்து குனிஞ்சு பாத்தேன். கார்ப்ரேட்டர் ரெண்டும் புகைக்குழாய்க்கு நேர் மேல உக்காந்திருக்கு. அந்த அனல் காத்தத்தான் உள்ள இழுக்குது. அதுலயே பெட்ரோலும் கொதிச்சு ஆவியாயிடுது. அடுப்பு மேல மூஞ்சிய வச்சுக்கிட்டு மூச்சு விடச் சொன்னா யாரால முடியும்? இஞ்சின் கெட்டுப் போகல. அதுக்கு வெளிக்காத்து வேணும். அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் வித்துடு, மாத்துன்னு ஆளாளுக்கு!

ஹார்ட்வேர் கடைக்குப் போயி, அடுப்படிப் புகைய வெளிய தள்ளுற அலுமினியக் குழாய் வாங்குனேன். மளிகைக் கடையில சதுர பிஸ்கட் டின் கேட்டு வாங்குனேன். டின்ன வெட்டி, கார்ப்ரேட்டர் வாய் ரெண்டையும் வடிகட்டியோட சேத்து மூடுற மாதிரி ஒரு பெட்டி. அடியில புகைக்குழாய்க்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவுல ஒரு தகடு. பெட்டியிலேருந்து குழாய முன்னால கொண்டு போனேன். முதல்ல ரேடியேட்டருக்குப் பின்னால விட்டேன், அங்க காத்து அதவிட மோசம், கையச் சுட்டுச்சு. மூளை எங்கடி போச்சுன்னு என்னையே திட்டிக்கிட்டு, ரேடியேட்டருக்குப் பக்கத்துல, காரோட மூக்குல, தேங்காய் மூடி அளவுக்கு வாய் வச்சு, பூச்சி போகாம வலை கட்டுனேன். மழைத்தண்ணி வடிய அடியில ஓட்டை. பெட்டிய ரப்பர் வச்சு இறுக்கி அடைச்சேன், மூக்கு வழியாத் தவிர வேற எங்கேருந்தும் ஒரு பொட்டு அனல் வரக் கூடாதுன்னு. குளிர்ந்த காத்து வந்தா பெட்ரோலும் கொஞ்சம் கூட வேணும்னு தவுக்கே முணுமுணுத்துக்கிட்டே அதச் சரி பண்ணிக் குடுத்தாரு. பிஸ்கட் டின்னப் பாத்துச் சிரிச்சாரு. சிரிக்கட்டும்.

ஆயுத பூசை அன்னிக்கு ஸ்கூடாய் ஜேம், எனக்குன்னே கூட்டி வச்ச மாதிரி. ஊர்ந்து ஊர்ந்து போறோம். வீட்டுக்காரர் சாமிப் படத்தையே பாத்துக்கிட்டு வர்றாரு. கார் விக்கல. ஒரு தடவகூட விக்கல! நான் கத்துன கத்துல பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் பாத்தான். காஹாங் வரைக்கும் பாடிக்கிட்டே ஓட்டுனேன்.

அண்ணன் வீட்டு வாசல்ல லாரி, மோட்டார் சைக்கிள், புல்லு வெட்டுற மெஷின் எல்லாம் கழுவிப் பொட்டு வச்சு நின்னுச்சு. அந்த சிங்கப்பூர்க்காரரும் வந்திருந்தாரு. அண்ணன் விருந்துக்குக் கூப்பிட்டாராம். விருந்தாம்! நான் உள்ள போயி தட்டுல சூடம் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அண்ணன் என் காருக்கு மாலை போட்டிருந்தாரு. செவ்வந்தி மாலை, என் கை பருமன், லாரி மாலையவிடப் பெருசு. மூக்கு முழுக்க மறைச்சுக் கட்டியிருந்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என்ன இருந்தாலும் அண்ணன்தானேன்னு நெனச்சேன். அந்த நெனப்புல, மாலை எத மறைக்குதுன்னு பாக்கவே தோணல.

பூசை முடிஞ்சு, சாப்பிட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, எல்லாரும் வாசல்ல நிக்க, கெளம்புனோம். பழம் நசுங்குச்சு. தெருமுனை வரைக்கும்கூடப் போகல. கார் இழுக்கல. மிதிச்சா திணறுது. உதறுது. வீட்டுக்காரர் "போச்சு" என்னாரு.

கண்ணாடியில பாக்குறேன், பின்னால கரும்புகை. அப்பத்தான் உறைச்சுச்சு. சூட்டுல நிக்கிற வண்டி கரும்புகை விடாது. இது காத்து கெடைக்காம பெட்ரோலா குடிக்குது. முன்னால மாலை! இஞ்சின் இழுக்குற இழுப்புல பூவெல்லாம் போயி அந்த வலையில அப்பிக்கிச்சு. வேற வழியில காத்து வராதபடி அடைச்சதும் நான்தான். இன்னும் ரெண்டு உதறல்ல அடங்கிடும். சாவியத் திருப்பி நானே ஆஃப் பண்ணேன்.

அண்ணன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வர்றாரு. பின்னால சிங்கப்பூர்க்காரர் வேகமா நடந்து வர்றாரு. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" தெருவே கேக்குது. வந்தவரு உள்ளங்கைய நீட்டுனாரு. "சாவி."

நான் எறங்குனேன். நேரா முன்னால போயி மாலையில கைய வச்சேன்.

"ஏய்! பூசை மாலை! இன்னிக்குக் கழட்டக் கூடாது!"

"சாமி கும்பிட்டாச்சு அண்ணே. இப்ப அது மூச்சு விடணும்." கயித்தப் பல்லால கடிச்சு அறுத்தேன். வலையில அப்பியிருந்த பூவ வழிச்சு எடுத்தேன். உள்ள உக்காந்து சாவியப் போட்டேன். ஒரு இருமல், ஒரு உறுமல், அப்புறம் அந்தச் சத்தம், எனக்குப் புடிச்ச சத்தம்.

"அதான் நின்னுச்சே! எல்லாரும் பாத்தோமே!" அண்ணன் கைய இன்னும் எடுக்கல.

"நிக்கல அண்ணே. நான் நிறுத்துனேன். நின்னுச்சுன்னா அது பண்ணது. நிறுத்துனேன்னா நான் பண்ணது. நான் குடுத்த வாக்குல தானா நின்னாத்தான் சாவி."

சிங்கப்பூர்க்காரர் கீழ குனிஞ்சு காரோட மூக்கப் பாத்துட்டு, "அவங்க சொல்றது சரிங்க" என்னாரு. அண்ணன் நீட்டுன கை நீட்டுனபடியே இருந்துச்சு. சும்மா இருக்கக் கூடாதேன்னு மாலைய அதுல வச்சுட்டுக் கியரப் போட்டேன்.

ஸ்கூடாய் வந்து சேந்தப்ப சாயந்தரம். எங்க வீட்டுத் தெரு வர்ற நேரத்துல போன் அடிச்சுச்சு. வீட்டுக்காரர் எடுத்து ஸ்பீக்கர்ல வச்சாரு. அந்தப் பக்கம் அண்ணன் தொண்டையக் கனைச்சுக்கிட்டுக் கேட்டாரு:

"சேந்துட்டியா?"

எங்க வீட்டுக் கேட்டு எதுக்கவே வந்துச்சு. நான் திரும்பல, நேரா விட்டேன்.

"இன்னும் இல்ல அண்ணே. ஓட்டிக்கிட்டு இருக்கேன்."