அண்ணி பார்த்த செங்கல் நிற வட்டம்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வெளியில் எல்லோருக்கும் அவர் கலரக்கா. துணி தைக்கும் கம்பெனியில் நூல் மேசை அவருடையது. வெட்டிய துணிக் கட்டு ஒவ்வொன்றும் மெஷினுக்குப் போவதற்கு முன் அவரிடம் வரும். ஓரத்தைப் பிரித்துப் பார்த்து, அலமாரியில் இருக்கும் நூல்கண்டுகளில் அதற்குச் சேருகிற ஒன்றை எடுத்துக் கட்டின் மேல் வைப்பார். தைத்து முடித்த பிறகு நூல் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. "தெரியாம போறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார்.

அவரிடம் போய் நீலம், பச்சை என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. எந்த நீலம் என்று கேட்பார். ஒரு தடவை என் கணவர் வெள்ளைச் சட்டை வாங்கி வந்தார். அண்ணி அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "யாருடா இதை வெள்ளைன்னு சொன்னது? பால்ல ஒரு சொட்டு டீ விழுந்திருக்கு" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய் மாற்றி வந்தார். மாற்றி வந்ததும் அதே சட்டை மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் இதுதான் வெள்ளை என்று தலையாட்டினேன்.

அண்ணி கல்யாணம் ஆகிப் போய், சீக்கிரமே திரும்பி வந்தவர். யாராவது அதைக் கிளறினால், "கலர் சேரல" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கம்பெனியில் அவருடைய அலமாரியை வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இது சரியா பார் என்று அவர் இன்னொருத்தரிடம் கேட்டதே இல்லை என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் சொல்வார்கள்.

கண்ணில் புரை விழ ஆரம்பித்ததை நான்தான் முதலில் கவனித்தேன். சமையலறை ஜன்னல் வழியாக நிலாவைக் காட்டி, "பாத்தியா, இன்னைக்கு மூணு வந்திருக்கு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு உன் புருஷனுக்கு" என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த மாதமும் அதையே சொன்னபோது சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளில் கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டர் முழுக்க, யானைத் தந்த நிறத் துணியில் மஞ்சள் நூல் ஓடிவிட்டது. மேலாளர் நல்ல மாதிரி. கத்தவில்லை. "முதல்ல கண்ணைப் பாருங்கக்கா" என்று அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்தார்.

வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆனது. இடது கண்ணுக்கு அண்ணி சம்மதிக்கவில்லை. ஒன்று எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது என்று பிடிவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வெங்காயம் நறுக்குவார். "துப்பறிய வந்தியா, சமைக்க வந்தியா?" என்று என் கணவர் கேலி செய்வார். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு நாள் அவர் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"இந்தச் சுவரு என்ன கலரு?"

"வெள்ளை, அண்ணி."

"இந்தக் கண்ணுல பாத்தா நீலம் போட்டு வெளுத்த வெள்ளை. அந்தக் கண்ணுல பாத்தா டீக்கறை வெள்ளை. எதுடீ நிஜம்?"

எனக்கு இரண்டும் வெள்ளைதானே என்று தோன்றியது. அதைச் சொன்னால் அடிப்பார்.

"கம்பெனியில மேலாளர் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கான். சரியா சேத்தா நூல் மேசை. இல்லைன்னா மடிச்சுப் பெட்டியில போடுற இடத்துக்கு அனுப்பிடுவான். யாருகிட்டயும் சொல்லாதே" என்றார்.

திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் சந்திர கிரகணம் வந்தது. முழுக் கிரகணம், சாயங்காலமே தெரியும் என்று டிவியில் சொன்னார்கள். என் கணவர் காலையிலிருந்தே அந்த நினைப்பாக இருந்தார். வேன் ஓட்டிக் கடைகளுக்குச் சரக்கு இறக்குகிறவர், லீவு நாளில் அவருக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேண்டும். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடிக்கு நாற்காலிகளைத் தூக்கிப் போனார்.

"முதல்ல முழு நிலா வரும். பளிச்சுனு இருக்கும். அப்புறம் ஒரு ஓரத்துலேருந்து கறுத்துக்கிட்டே வரும். கடைசியில சிவப்பாகும். அவசரப்படாம உக்காந்து பாக்கணும்" என்று, ஏதோ அவரே ஏற்பாடு செய்த மாதிரி சொன்னார்.

அண்ணிக்குக் கிரகணம் பெரிதில்லை. நிலா ஒன்றாகத் தெரிகிறதா மூன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து மாடியில் மருந்துக்கடை அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். எல்லோரும் கிழக்கே பார்த்தோம்.

நிலா வரவில்லை. பின்னால் வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. முன்னால் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போட்டார்கள்.

"இந்நேரம் வந்திருக்கணுமே" என்றார் என் கணவர்.

"லீவு போட்டுடுச்சோ என்னமோ" என்றார் மருந்துக்கடை அண்ணன்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை இரண்டு தடவை மூடித் திறந்தார். பிறகு மெதுவாக, "அந்த டவருக்கு வலது பக்கம் ஒரு வட்டம் தெரியுது" என்றார்.

"எங்கக்கா?"

"டவருக்கு வலது பக்கம், தண்ணித் தொட்டிக்கு மேல. செங்கல் கலர்ல."

என் கணவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மருந்துக்கடை அண்ணன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே" என்று இருவரும் சொன்னார்கள். எனக்கு அங்கே ஏதோ அழுக்குப் படிந்தது போல லேசாக இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று நான் முடிவு செய்வதற்குள் என் கணவரின் முகம் மாறிவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னார்? பார்வையில சிவப்பா, கறுப்பா எதாவது தெரிஞ்சா உடனே வரணும்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னார்" என்றார் அண்ணி.

"உள்ள ரத்தம் கசிஞ்சாலும் அப்படித் தெரியுமாம். கடைக்கு வர்றவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்" என்று மருந்துக்கடை அண்ணன் எண்ணெய் ஊற்றினார்.

"எனக்கும் தெரியுதுங்க" என்றேன் நான்.

என் கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுதான் தெரியாது? அக்கா பகல்ல நட்சத்திரம் தெரியுதுன்னு சொன்னாலும் ஆமாம்பே." அது ஒருவகையில் உண்மை. வாழ்க்கை முழுக்க எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டு வந்தால், உண்மையாகவே ஆமாம் என்று சொல்லும்போது அது செல்லுபடியாகாது. எனக்கும் உடனே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணி சொன்னதால்தான் எனக்குத் தெரிகிறதோ?

"இடது கண்ணால பாருக்கா" என்றார் அவர்.

அண்ணி வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். "இல்லை. இந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்லை."

"அப்ப முடிஞ்சுது! ஆபரேஷன் பண்ணின கண்ணுலதான் தெரியுது. நிஜமா வானத்துல இருந்தா ரெண்டு கண்ணுலயும் தெரியணுமா இல்லையா? நான் வேனை எடுக்கறேன்."

அதைக் கேட்டபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் இடது கண்தானே புரை விழுந்த கண், அதில் தெரியாததை வைத்து எப்படி முடிவு செய்வது என்றும் பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றியது. கீழே வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி இருந்தார்.

"போச்சுடீ. மேசை போச்சு. கண்ணும் போச்சு" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

நான் அவர் தோளைத் தொட்டேன். எழுந்திருக்க வைக்கத்தான் தொட்டேன். அவர் எழவில்லை. திடீரென்று முகத்தைத் திருப்பி மாடிப்படிச் சுவரைப் பார்த்தார். அப்புறம் டவர் பக்கம். மறுபடியும் சுவர். கோழி மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"துணியை இழுத்துப் பாக்கறேன்."

முதலில் புரியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. சாப்பாடு கொடுக்கக் கம்பெனிக்குப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். அங்கே மேலே கண்ணாடி, உள்ளே டியூப் லைட் வைத்த ஒரு மேசை உண்டு. அதன் மேல் துணியை விரித்துக் கறை தேடுவார்கள். ஒரு புள்ளி தெரிந்தால் உடனே துணியை ஒதுக்கிவிட மாட்டார்கள். கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார்கள். புள்ளி துணியோடு நகர்ந்தால் அது துணியில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் கண்ணாடியில் இருக்கிறது, துணி மேல் தப்பில்லை.

"என் கண்ணுல இருந்தா நான் சுவரைப் பாத்தாலும் சுவருல தெரியணும். சுவருல இல்லை. அங்க திரும்பினா மட்டும் இருக்கு. என் கண்ணாடி சுத்தமா இருக்கு. அழுக்கு வானத்துலதான்" என்றார் அண்ணி.

"அப்ப நிலாவுக்குத்தான் கோளாறா?"

"எனக்கென்ன தெரியும்?"

அதற்குள் வானம் இன்னும் இருட்டியிருந்தது. மருந்துக்கடை அண்ணன் "அட!" என்று ஒரு சத்தம் போட்டார். படியேறி மூச்சிரைக்க வந்து, "வேன் ரெடி, இறங்குங்க" என்ற என் கணவரை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. டவருக்கு வலது பக்கம், அண்ணி சொன்ன அதே இடத்தில், ஒளியே இல்லாமல் ஒரு உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்தது? முழு நிலா எங்க போச்சு?" என்று என் கணவர் தடுமாறினார்.

"அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே கிரகணம் பிடிச்சிருக்கும் தம்பி. வீட்டுலயே வேஷம் போட்டுக்கிட்டுக் கிளம்பியிருக்கு" என்றார் மருந்துக்கடை அண்ணன்.

"அப்படியெல்லாம் வருமா?"

"வந்திருக்கே, நீங்களே கேட்டுக்குங்க."

என் கணவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்ப்பதா அதைப் பார்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "ஒண்ணுதான்" என்றார் அண்ணி, யாரிடமும் இல்லாமல். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

நான் சந்தோஷப்பட்டேன். இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தேன். ஆனால் அண்ணி வலது கண்ணைப் பொத்தினார், திறந்தார், இடது கண்ணைப் பொத்தினார். இருட்டின பிறகு இடது கண்ணிலும் ஏதோ மங்கலாகத் தெரிந்திருக்கிறது. முகம் மறுபடியும் சுருங்கியது.

"இதுல செங்கல். அதுல மரத்தூள்" என்றார். "இருக்குங்கறது தெரிஞ்சுபோச்சு. என்ன கலர்ங்கறது தெரியலையே. நாளைக்குத் துணியை முன்னால வெச்சா எந்தக் கண்ணை நம்புவேன்? டேய், உனக்கு என்ன கலரு?"

"சிவப்பு" என்றார் என் கணவர்.

"எந்தச் சிவப்பு?"

"சிவப்பு சிவப்புதான்."

"உன்னைக் கேட்டேன் பாரு. அண்ணே, உங்களுக்கு?"

"இருமல் மருந்து கலர்" என்றார் மருந்துக்கடை அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். வழக்கமாக இருந்தால் செங்கல் என்றே சொல்லியிருப்பேன். அவர் கேட்ட விதத்தில் அது முடியவில்லை. "எனக்குச் செங்கல் மாதிரி இல்லை அண்ணி. துலக்காத செம்புப் பாத்திரம் மாதிரி இருக்கு" என்றேன்.

"செங்கல் இல்லையா?"

"எனக்கு இல்லை."

அவர் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். கோபிக்கவில்லை. என் முகத்தையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, செம்புன்னும் சொல்லலாம்" என்றார், பாதி மனதோடு. கொஞ்சம் கழித்து, "இல்லை, செங்கல்தான்" என்றார். திடீரென்று என் கணவரிடம் போனை வாங்கி மேலாளருக்குப் போட்டார். லீவு நாளில் எதற்கு என்று நான் பதறினேன்.

"தம்பி, நான்தான். நாளைக்கு வர்றேன். கண்ணு நல்லா தெரியுது. கலர்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கு. ஒரு கண்ணு ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. மறைச்சு என்ன ஆகப்போகுது. அந்தக் கண்ணையும் பண்ணிக்கறேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணை இடத்துலேருந்து எழுப்பிவிடாதீங்க. நான் எடுத்த நூலை அவ பாக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒத்துவந்தா மெஷினுக்குப் போகட்டும்."

அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார்.

"ஆமா, நானேதான் சொல்றேன்... ஒரு நாற்காலிதான்னா என்ன? மாத்தி மாத்தி உக்காந்துக்கறோம்... இல்லை தம்பி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"சரின்னான். நான்தான் பேசறேனான்னு மூணு தடவை கேட்டான்."

உருண்டையின் இடது ஓரத்தில் நகம் போல ஒரு வெள்ளைக் கீற்று கிளம்பியது. என் கணவர் அங்கே பாருங்கள் என்று கத்தினார். அண்ணி நிமிரவில்லை. நாளைக்கு எந்தக் கட்டை முதலில் எடுப்பது, அலமாரியில் நீல வரிசையை அந்தப் பெண்ணுக்கு எப்படிக் காட்டுவது என்று ஏதேதோ முணுமுணுத்தார்.

"அவ வலது கைக்காரியா, இடது கைக்காரியான்னு தெரியலையே. எந்தப் பக்கம் நிக்க வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னேன்.

"நான் மட்டும் பாத்தேனா?" என்றார் அண்ணி.