அருள்தாஸ் சார் விட்டுவிட்ட எண்கள்

அருள்தாஸ் இறந்த செய்தி வந்தபோது நான் தேர்வறையில் கண்காணிப்பில் இருந்தேன். பியூன் ஜன்னலோரம் வந்து, "சார், கம்ப்யூட்டர் சாரு பூட்டாரு" என்றார். வினாத்தாள் கொடுத்த பின் கண்காணிப்பாளர் அறையை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. கூடுதல் தாள் கேட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால், கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் இரங்கல் செய்தியும், அதன் கீழேயே, அவருடைய விடைத்தாள்களை யார் திருத்துவது என்ற கேள்வியும் வந்திருந்தன.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள எங்கள் தனியார் கல்லூரியில் அவர் கணினி அறிவியல் நடத்தினார், நான் தமிழ். வடக்கனந்தலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்.

கோடையில் ஆசிரியர்களை ஊர் ஊராக மாணவர் பிடிக்க அனுப்புவார்கள். ஒருமுறை நாங்கள் இருவரும் வெள்ளிமலைக்குப் போனோம். பஸ்ஸில் தம் பாடத்தை எனக்குச் சொன்னார். எண்கள் வரிசையாக இருக்கின்றன. வேண்டாததை விட்டுவிடலாம், இருப்பதை இடம் மாற்றக் கூடாது. மிஞ்சுபவை ஏறிக்கொண்டே போக வேண்டும், அல்லது இறங்கிக்கொண்டே. அப்படிக் கிடைப்பவற்றில் மிக நீளமானதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"இந்த ரோட்டயே எடுத்துக்கோங்க சார். எறங்கற எடத்த வுட்டுட்டு எழுதனா, ஏறிக்கினே இருக்கும்."

"எறங்கனது இன்னா ஆவும்?"

"அது அங்கியேதான் இருக்கும். நம்ம எழுதல, அவ்ளோதான்."

மறு ஆண்டு, தேர்ச்சி விகிதம் கூடிய ஆண்டுகளை மட்டும் விளம்பரப் பலகைக்கு எடுத்துத் தரும்படி தாளாளர் அருள்தாஸிடம் கேட்டார். அவர் மறுத்தார். "வுட்டுப்போன வருசத்துலயும் பசங்க படிச்சாங்களே சார்" என்றார். அந்த ஆண்டு அவருக்குச் சம்பள உயர்வு இல்லை. பலகை வேறொருவர் உதவியால் எழுந்தது. இன்றும் உறுதியாக நிற்கிறது.

சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது. டாக்டர் டயாலிசிஸ் தொடங்கச் சொன்னார், இவர் தள்ளிப்போட்டார். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் ஆபத்து. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கால் வீங்கியிருந்தது. செல்போனில் சோதனை முடிவுகளைக் காட்டினார்: 5.8, 6.3, 5.6, 6.9, 5.5, 7.4.

"ரெண்டாவது தபா கறி துன்னுட்டேன், அத்த வுடுங்க. நாலாவது லேபே சரியில்ல. கடைசில ஜொரம். மீதியப் பாருங்க: அஞ்சு எட்டு, அஞ்சு ஆறு, அஞ்சு அஞ்சு. எறங்கிக்கினுதான சார் இருக்குது?"

அவர் துணைவியார் செலின் வாசற்படியில் நின்றிருந்தார். "அவரு வுட்டுடுவாரு. கிட்னி வுடுமா சார்?"

நான் அவர் பாடத்தையே அவரிடம் ஒப்பித்தேன். "எறங்கறது மூணுதான் சார். ஏறறது நாலு இருக்குது. அஞ்சு எட்டு, ஆறு மூணு, ஆறு ஒம்போது, ஏழு நாலு. நீளமானதத்தான எடுக்கணும்?"

செல்போனில் அந்த நான்கையும் விரலால் தொட்டு எண்ணினார். "தமிழ் வாத்தியாருக்கும் பாஸ் போட வேண்டியதுதான்" என்றார். பிறகு மனைவியிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம் செலின்."

போனார்கள். அரசு மருத்துவமனையில் இயந்திரங்கள் சில, காத்திருப்போர் பலர். வியாழக்கிழமை காலைக்கு அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் வடக்கனந்தலில் அடக்கம். தாளாளர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதில் கல்லூரியின் பெயர் இறந்தவர் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் அருள்தாஸ் வீட்டில் இருக்கையில் செலினின் செல்போன் அடித்தது. டயாலிசிஸ் பிரிவிலிருந்து, அருள்தாஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்கள்.

"அவரு வர மாட்டாருங்க" என்றார் செலின். பிறகு, "அடுத்து யாரு இருக்கறாங்க?" என்று கேட்டார். கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா வந்து காத்திருப்பதாக மறுமுனையில் சொன்னது எனக்கும் கேட்டது.

"அவங்களக் கூப்புட்டுக்கோங்க. பெட்ட சும்மா போட்டு வெக்காதீங்க."

செல்போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துண்டையும் டம்ளரையும் எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

சென்று வாருங்கள், சார். உங்கள் படுக்கையில் இந்நேரம் அந்த அம்மா படுத்திருப்பார்.