காலி வீடுகளின் பட்டியல்

இஷ்பெல் ரென்னி முப்பத்து நாலு வயது வரைக்கும் ரொட்டிக் கடையில் நின்றவள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் துறைமுகத்திலிருந்து ஏறிவரும் தெருவில் அந்தக் கடை. விடிவதற்கு முன்பே போய் அடுப்பிலிருந்து தட்டுகளை இறக்கி, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுடச்சுட இறைச்சிப் பணியாரம் கட்டிக் கொடுப்பாள். பதினாறு வருஷம். ஒரு டிசம்பரில் முதலாளி கடையை மூடிவிட்டார். அதே வாரத்தில் அவள் வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் நின்றுபோனது.

பழுது பார்க்க வந்தவர் டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார். அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மூடியைத் திருகி முடித்தபோது, அடுத்த தடவை இது நின்றால் தானே சரிசெய்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை. ஜனவரியில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பதினெட்டு ஆண்கள், இவள் ஒருத்தி.

"பணியாரம் மடிச்ச கைக்கு ஸ்பேனர் பிடிபடுமா?" என்று ஒருவன் முதல் நாளே கேட்டான்.

"சூடானதைத் தொட்டுப் பழகின கை இது. நீதான் குழாயைத் தொடறதுக்கு முன்னாடி மூணு தடவை ஊதுறே," என்றாள். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும், குறைந்த வாடகைக்கு வீடு விடும் குடியிருப்புச் சங்கம் ஒன்றில் ஹீட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். சங்கத்துக்கு மலைச்சரிவில் இரண்டு உயரமான அடுக்குமாடிகள், இருநூற்று நாற்பது வீடுகள். பன்னிரண்டு வருஷத்தில் எல்லாக் கதவும் அவளுக்குத் தெரியும். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். வேலையைச் சுத்தமாகச் செய்வாள். ஒரே ஒரு குணம் அவளிடம் உண்டு, அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே தெரியாது. மேலே இருப்பவர்களிடம் எதிர்த்துப் பேச மாட்டாள். தாளில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டு வந்துவிடுவாள்.

போன இலையுதிர் காலத்தில் புதுப் பெட்டிகள் வந்தன. சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். உள்ளங்கை அளவு இருக்கும். முன்னால் ஒரு சின்னக் கண். வீட்டில் யார் நடமாடுகிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எப்போது கிளம்பி எப்போது திரும்புகிறார்கள் என்று இரண்டு வாரம் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு தானாகவே, ஆள் வருவதற்கு முன்னால் வீட்டைச் சூடாக்கி வைக்கும். ஆள் இல்லாதபோது சூட்டைக் குறைத்துவிடும். இஷ்பெல் தன் வீட்டில் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் வீடு இதமாக இருந்தது. தனியாக இருப்பவளுக்கு அது பெரிய விஷயம். நல்ல பொருள்தான் என்று மனதாரச் சொன்னாள்.

மாட்டுகிற இடத்தில்தான் சிக்கல். பழைய வயர் வாசற்கதவுக்குப் பக்கத்தில், நடை திரும்புகிற மூலையில் இருந்தது. அங்கேயே மாட்டினால் வேலை சுலபம் என்று தாளில் அந்த இடத்தைக் குறித்திருந்தார்கள். அந்த மூலையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். உள்ளறை தெரியாது. அறையிலிருந்து குளியலறைக்குப் போகிறவர்கூடக் கண்ணில் பட மாட்டார்.

மூன்றாவது நாள் மேற்பார்வையாளர் நீல் கெய்ர்டிடம் கேட்டாள். "உள்ள ஒரே ரூம்ல இருக்கறவங்க இந்தப் பக்கமே வர மாட்டாங்களே, நீல்?"

"எங்க போடச் சொல்லியிருக்கோ அங்க போடு, இஷ்பெல். இன்னும் இருநூறு வீடு பாக்கி. பனிக்கு முன்னாடி முடிக்கணும்."

அவள் போட்டாள். இருநூற்று நாற்பதையும் போட்டு முடித்தாள்.

ஜனவரி இரண்டாவது வாரம் கடுங்குளிர். ஆற்றிலிருந்து வந்த காற்று நடைபாதையில் போகிறவர்களைச் சுவரோரமாகத் தள்ளியது. அன்று காலை கெய்ர்ட் அவளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். பதினோரு வீடுகள். ஒரு மாதத்துக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லை என்று பெட்டிகள் சொல்கின்றன. குழாயில் தண்ணீர் உறைந்து வெடிப்பதற்குள் தண்ணீரை வடித்துவிட்டு வர வேண்டும். அந்த வீடுகளின் குடித்தனக்காரர்களுக்குக் கடிதமும் போயிருந்தது. வீட்டை விட்டுப் போய்விட்டதாகத் தெரிகிறது, நாலு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுக்கப்படும் என்று.

முதல் வீடு எட்டாவது மாடி. மூன்று தடவை தட்டினாள். குரல் கொடுத்தாள். பதில் இல்லை. சங்கத்தின் சாவியைப் போட்டுத் திறந்து, ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளறையில், ஜன்னலோர நாற்காலியில் ஒரு மனிதர் மேல்கோட்டும் தொப்பியும் போட்டு, மடியில் இரண்டு போர்வையோடு உட்கார்ந்திருந்தார். காதில் ரேடியோவின் இயர்போன். இவளைப் பார்த்ததும் அதை மெதுவாக எடுத்தார்.

"ஆள் இல்லாத வீடுன்னு சொன்னாங்க," என்றாள் இஷ்பெல்.

"அப்ப நான் யாரு?" என்றார் அவர்.

அவர் பெயர் வால்டர் கீக்கி. வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கியது. நடக்க முடியும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும். கெட்டில், ரொட்டி, ரேடியோ எல்லாவற்றையும் அந்த ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார். வாரம் ஒரு தடவை கடைப் பையன் வாசலில் பையை வைத்துவிட்டுப் போவான். அதை எடுக்க இரண்டு நிமிஷம். யாரோ வந்து கடிதம் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று பெட்டி நினைத்திருக்க வேண்டும்.

அறையில் பன்னிரண்டு டிகிரி. இஷ்பெல் குழாயைக் கீழே போட்டாள்.

"போன் பண்ணலையா நீங்க?"

"ரெண்டு தடவை பண்ணேன். எங்க கம்ப்யூட்டர்ல உங்க ஹீட்டர் ஒழுங்கா ஓடுதுன்னு ஆபீஸ்ல போன் எடுத்த பொண்ணு சொல்லிச்சு. திருகிக் கூட்டினா ரெண்டு மணி நேரம் சுடுது, அப்புறம் தானா இறங்கிடுது. இதுதான் புதுச் சட்டம்போலன்னு விட்டுட்டேன்." மேசை மேலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். "இதுல நான் வீட்டை விட்டுப் போயிட்டேன்னு எழுதியிருக்கு. எங்க போனேன்னும் எழுதியிருந்தா நானும் அங்க போய்ச் சேர்ந்திருப்பேன். கொஞ்சம் வெயில் உள்ள ஊரா இருந்தாத் தேவலை."

அவள் பெட்டியைக் கற்கும் வேலையிலிருந்து நிறுத்தி, இருபத்தொன்றில் பூட்டி வைத்தாள். ஹீட்டர் பலகை டக் டக்கென்று சத்தம் போட்டபடி சூடேறியது. டீ போட்டாள். அறை இதமாகிற வரைக்கும் கிளம்ப மனம் வரவில்லை. வால்டர் முதலில் தொப்பியை எடுத்தார், பிறகு கோட்டின் பொத்தான்களைத் திறந்தார்.

"இந்தப் பெட்டிய மாட்டினது நான்தான்," என்றாள்.

"தெரியும். பூட்ஸைக் கழட்டிட்டு வந்தியே. உன் சாக்ஸ்ல ஓட்டை இருந்துச்சு."

"அந்த மூலை சரியில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், வால்டர். ஒரு தடவை கேட்டேன். அப்புறம் வாய மூடிக்கிட்டேன்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது?" என்றார். "மாட்டச் சொன்னவங்ககிட்ட சொல்லு."

மீதிப் பத்து வீட்டுக்கும் அன்றும் மறுநாளும் போனாள். தண்ணீரை வடிக்கப் போகவில்லை; கதவைத் தட்டினாள், தட்டிவிட்டுக் காத்திருந்தாள், பக்கத்து வீட்டில் விசாரித்தாள். ஏழு வீடு நிஜமாகவே காலி. மூன்றாவது மாடியில் செங்கா மில்ன் என்ற பெண், மூட்டு அறுவை முடிந்து ஆறு வாரமாகக் கட்டிலில், காலடியில் வெந்நீர்ப் பை, மடியில் பூனை. பத்தாவது மாடியில் ராத்திரி முழுக்கக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர்; அவர் வாசலைக் கடக்கிற அந்த இரண்டு நொடியைப் பெட்டி கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு இளம் தம்பதி, பிறந்து ஐந்து வாரமான குழந்தையோடு மூன்று பேரும் ஒரே படுக்கையறையில், கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, ஒரு சின்ன மின்சார ஹீட்டருக்கு முன்னால்.

"காலி பண்ணச் சொல்ல வந்தீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இல்லம்மா. உங்களுக்குச் சூடு போட வந்தேன்," என்றாள் இஷ்பெல்.

வேனுக்குத் திரும்பியபோது கெய்ர்ட் போனில் கூப்பிட்டார். "ரெண்டு நாளா உன் வண்டி ஒரே இடத்துல நிக்குது. பதினோரு வீட்டுத் தண்ணிய வடிக்க இவ்வளவு நேரமா?"

"நாலு வீட்டுல ஆள் இருக்காங்க, நீல்."

"இருக்காங்கன்னா?"

"இருக்காங்கன்னா, டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு வீட்டுல அஞ்சு வாரக் குழந்தை இருக்கு."

கெய்ர்ட் கெட்டவர் இல்லை; அவருக்கும் இரண்டு பேரக் குழந்தைகள். "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நீயும் வந்துடு," என்றார். "நான் சொன்னா தாளைப் பாத்துச் சொல்றேன்னு நினைப்பாங்க."

இஷ்பெல் அதற்கு முன், கூட்டம் நடக்கும் மாடி அறைக்குள் ரேடியேட்டர் சரிசெய்யத்தான் போயிருக்கிறாள். மேசையைச் சுற்றி ஆறு பேர். தலைமை அதிகாரி ரோனா ஸ்பால்டிங். சுவரில் ஒரு வரைபடம். எரிபொருளை எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கிறார்கள் என்று அழகாக ஏறிக்கொண்டே போன ஒரு கோடு. அவள் முறை வந்தபோது எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். முதல் வரியைப் பார்த்தாள். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டாள்.

"அந்தக் கோட்டுல கொஞ்சம் வால்டர் கீக்கியோடது," என்றாள். "மேல்கோட்டும் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருந்தாரே, அவருக்குக் கிடைக்காத சூடு அது. கொஞ்சம் அந்தக் குழந்தையோடது."

அவள் வரைபடத்திலிருந்து மேசைப் பக்கம் திரும்பினாள்.

"பெட்டி மேல தப்பு இல்ல. அது நல்லாத்தான் கத்துக்குது. எங்க வீட்டுலயும் இருக்கு. நாம அதைக் கதவுகிட்ட நிறுத்தினோம், அது கதவைப் பத்திக் கத்துக்கிச்சு. மாட்டினது நான். தப்பான இடம்னு தெரிஞ்சே மாட்டினேன். அதையும் எழுதிக்கோங்க."

"நாந்தான் மாட்டச் சொன்னேன்," என்றார் கெய்ர்ட், மேசையைப் பார்த்தபடி.

ஸ்பால்டிங் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் எத்தனை வீட்டுல இப்படி இருக்கும்?"

"போய்க் கேட்டாத்தான் தெரியும்."

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

"வேன் கீழதான் நிக்குது," என்றாள் இஷ்பெல்.

கடிதங்கள் அன்றே திரும்பப் பெறப்பட்டன. ஸ்பால்டிங் அந்த நாலு வீட்டுக்கும் தானே ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டார். செங்கா மில்னின் பூனை அவர் கையைப் பிறாண்டியது என்று பிறகு கட்டடம் முழுக்கச் செய்தி பரவியது. இஷ்பெலோடு இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியை எங்கே மாட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் முன் ஒரு கேள்வி: "நாள் முழுக்க நீங்க எங்க உட்காருவீங்க?" இந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. ஒற்றை வார்த்தையில் பதில் வந்ததே இல்லை. கேள்வியில் ஆரம்பித்து, டீ, மகன் கனடாவில், முழங்கால், கீழ்வீட்டு நாய் என்று போகும். மூன்று வாரத்தில் முடிகிற வேலை ஏழு வாரம் இழுத்தது. கெய்ர்ட் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

வால்டர்தான் அடுத்த யோசனையைச் சொன்னார். "பெட்டி யாரையாவது காணோம்னு சொன்னா, உடனே கடிதம் போடாம எனக்குச் சொல்லுங்க. எங்கிட்ட போன் இருக்கு, நேரம் இருக்கு. முப்பது வருஷம் வானத்துல தனியா உட்கார்ந்து கீழ இருக்கறவங்களோட ஒயர்லஸ்ல பேசினவன் நான்."

சங்கம் முதலில் தயங்கியது. பிறகு வாரத்துக்கு ஆறு மணி நேரச் சம்பளத்தில் அவரை எடுத்துக்கொண்டது. காலையில் பட்டியல் வரும், இவர் எண்களை அழுத்துவார். "எட்டாவது மாடியிலேருந்து வால்டர் பேசறேன். உங்களைக் காணோம்னு உங்க வீட்டுச் சுவரே புகார் குடுத்திருக்கு. நல்லா இருக்கீங்கள்ல?" எடுக்காத வீட்டுக்கு இஷ்பெல் போவாள். பிப்ரவரியில் ஒரு வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தவரை அப்படித்தான் நேரத்துக்குக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் குணமாகித் திரும்பிய அன்று வால்டர் லிஃப்டில் ஏறி, கைத்தடியோடு பன்னிரண்டாவது மாடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன் வீட்டுக் கதவுக்கு அப்பால் அவர் போனது ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. வீடு திரும்பி இஷ்பெலுக்குப் போன் செய்து, இடுப்பு வலிக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்.

மே மாதம் கெய்ர்ட் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இஷ்பெலைக் கேட்டார்கள். ஒரு வாரம் யோசித்தாள். வாரத்தில் இரண்டு நாளாவது ஸ்பேனரோடு வீடுகளுக்குப் போவேன், மேசையிலேயே உட்கார மாட்டேன் என்றாள். ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது ஆற்றங்கரையில் சங்கத்தின் மூன்றாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. போன திங்கட்கிழமை பொறியாளர் வரைபடத்தோடு வந்து, குழாய் போகும் வழியைக் காட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். இஷ்பெல் அவரை உட்காரச் சொன்னாள். வரைபடத்தில் நான்காவது மாடியின் சமையலறைச் சுவரைச் சுட்டிக்காட்டி, இது சரிவராது, ஏன் என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். பொறியாளர் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.